சடத்தினின்று சித்துத் தோன்றுமோ?
கம்பம் பள்ளத்தாக்கும் பூதவாத வரலாறும்

தோற்றுவாய்

மேற்கே ஏலமலையும் கிழக்கே வருசநாட்டு மலையும் அரணாய் நிற்க, கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்னும் ஊர்களின் வழியே தேனியை நோக்கி வடகிழக்காக நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு எனப்படும். நெல்லும் திராட்சையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிக்கும் இந்நாடு, பாண்டியர் வரலாற்றுக்கு இன்றியமையாத சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தந்த நாடு. பூலாநந்தீசுரர் திருக்கோயில் விளங்கும் நாடு.

இந்நாட்டின் உத்தமபாளைய வட்டத்தில் இரண்டு குன்றங்கள் கருதற்பாலன. ஒன்று, உத்தமபாளையத்தை அடுத்த சமணப் பாறை. மற்றொன்று, தேவாரம் என்னும் ஊருக்கு அணித்தாய பொட்டிபுரத்து மலை. முன்னதில், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன்னர், உயிர் வேறு சடம் வேறு என்னுங் கொள்கையினர் தம் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கினர். பின்னதில், நம் காலத்து விஞ்ஞானிகள் சடத்தின் மிக நுண்ணிய கூறொன்றை ஆராய்தற்கு மலையைக் குடையக் கருதினர். சடம் என்பது யாது, சித்து என்பது யாது, முன்னதினின்று பின்னது தோன்றுதல் கூடுமோ என்னும் பழைய வினாவின் இரு முனைகள் இவ்விரு குன்றங்கள் எனலாம். அவ்வினாத் தமிழ் நாட்டில் நடந்துவந்த வழியும், சைவசித்தாந்தம் அதன்கண் கொண்ட நிலையும், அந்நிலை இக்காலத்து ஆராய்ச்சிக்கு முன் எவ்வளவிற்கு நிற்கும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

உத்தமபாளையத்துப் பாறை

உத்தமபாளையத்துப் பாறையிற் காணப்படும் சமணத் திருவுருவங்களுக்கு அருகே வட்டெழுத்துப் பொறிப்புக்கள் உள்ளன. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டினவாக இவை மதிக்கப்படும். பாண்டி நாட்டில் ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை முதலிய பல குன்றங்களிற் காணப்படும் அச்சணந்தி என்னும் முனிவர் பெயர் ஈண்டும் காணப்படுகின்றது. சைவ நாயன்மார் காலத்துக்குப் பின்னரும் சமணம் இப்பள்ளத்தாக்கில் ஆதரவு பெற்றிருந்தது என்பது இதனாற் போதரும்.

சமணர் சீவன், புற்கலம் என இரு பொருள்களை வேறு வேறாகக் கொள்வர். அறிவு சீவனுக்கே உரிய குணம். வினையும் உடம்பும் புற்கலம். உயிர் உடம்பளவிற்று என்றும், வினையே சடமாய் உயிரைப் பற்றும் என்றும் அவர் கூறுவனவற்றைச் சைவர் உடன்படார். ஆயினும் பூதங்களின் கூட்டமே அறிவு என்பாரை மறுக்குமிடத்துச் சமணரும் சைவரும் ஒருபுடை ஒத்து நிற்பர். பத்தாம் நூற்றாண்டினதென ஆராய்ச்சியாளர் பலர் கருதும் நீலகேசி என்னும் சமண நூல், புத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம் ஆகியவற்றை மறுத்தபின் பூதவாதத்தை இறுதிச் சருக்கத்தில் வைத்து மறுக்கின்றது. சைவத்திலோ, அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதத்தை முதற்கண் வைத்து மறுக்கின்றார். ஒருவர் ஈற்றில் வைத்தார், ஒருவர் முதலில் வைத்தார், வையாது விட்டாரில்லை. உயிர் உண்டு என்பது நாட்டப்படாவிடத்துக் கட்டும் வீடும் பற்றிய பிற வழக்கெல்லாம் நிலைக்களம் இன்றி ஒழியும் ஆகலின் என்க.

பூதவாதியின் கூற்று

பூதவாதியின் கொள்கையைத் தமிழில் தெளிவுறக் கூறும் பழைய நூல் மணிமேகலை. அதன் இருபத்தேழாங் காதையில், வஞ்சி மாநகரிற் சமயவாதியர் பலரிடத்தும் அவரவர் பொருளைக் கேட்டுச் செல்லும் மணிமேகலை, இறுதியிற் பூதவாதியை வினவுகின்றாள். தாதகிப் பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூட்டியவிடத்துக் களிப்புப் பிறத்தல்போலப் பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கும் என்பதும், அவை பிரிந்தவழிப் பறையின் ஓசை போல அவ்வுணர்வு கெடும் என்பதும் அவன் கூற்று. கண்கூடாகிய காட்சியன்றிக் கருதலளவை கொள்ளத்தகாது என்றும் அவன் கூறுகின்றான்.

இவன் கூற்றில் உய்த்துணரற்பாலது ஒன்றுண்டு. பூதங்களை அவன் ஒரு தன்மையவாகக் கொண்டிலன். உயிரோடு கூடி உணர்வுடையனவாகிய பூதம் என்றும், உயிரின்றி உணர்வற்றனவாகிய பூதம் என்றும் இருவகைப்படுத்தி, அவ்வவற்றினின்றே அவ்வவை பிறக்கும் என்றான். உலகாயதரோடு தனக்குச் சிறிது வேறுபாடு உண்டென அவன் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. முற்றும் அறிவற்ற பொருளினின்று அறிவு தோன்றும் என்றல் இடர்ப்பாடுடையது என்பதைப் பூதவாதிகளுள்ளே சிலர் அன்றே உணர்ந்திருந்தனர் போலும்.

வடநாட்டில் இக்கொள்கை வாதத்தளவில் நில்லாது சோதனையளவிலும் சென்றதாகப் பௌத்தரது தீக நிகாயம் கூறும். பாயாசி என்னும் சிற்றரசன் கள்வன் ஒருவனை உயிரோடு சாலில் அடைத்து வாயை மூடி, ஈரத்தோலும் மண்ணும் பூசி அடுப்பிலேற்றி, அவன் இறந்தபின் சாலைத் திறந்து, உயிர் வெளிவருமோ என நோக்கினானாம். மற்றொரு கள்வனை உயிரோடு நிறுத்துப் பார்த்து, வில் நாணால் நெரித்துக் கொன்றபின் மீட்டும் நிறுத்துப் பார்த்தானாம். உயிர் வெளிவரக் காணாமையால் உயிர் இல்லை எனத் துணிந்தான். அவனோடு வாதித்த குமார காசிபர், கனவு காணுங்கால் உன் உயிர் போய்வருதலை அருகிருக்கும் பணிப்பெண்டிர் காண்பரோ என வினவி மறுத்தார்.

இச்சோதனை பழங்கதையாய்க் கழியவில்லை. அமெரிக்காவில் மசாசூசெட்சு நாட்டு மருத்துவர் தங்கன் மக்டூகல் என்பார், இறக்குந் தறுவாயிலிருந்த அறுவரை நிறைகோற் கட்டிலிற் கிடத்தி நிறுத்து, 1907-ஆம் ஆண்டில் அம்முடிபை வெளியிட்டார். உயிரின் நிறை 21 கிராம் என உலகிற் பரவிய பேச்சு அவருடைய முதற் சோதனையினின்று எழுந்ததே. அச்சோதனை பிற விஞ்ஞானிகளால் ஏற்கப்படவில்லை. ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று: பாயாசி உயிரில்லை என்றற்கு நிறுத்தான், மக்டூகல் உயிருண்டு என்றற்கு நிறுத்தார். நிறையும் உருவும் சடத்தின் குணங்கள். சித்தினிடத்து அவற்றைத் தேடுவோர், மறுப்பவராயினும் உடன்படுபவராயினும், உயிரைச் சடமெனக் கொண்ட பின்னரே தேடத் தொடங்குகின்றனர். இருவர்க்கும் பிழை ஒன்றே.

மதுக்களி உவமை

மதுக்களி உவமை கம்பம் பள்ளத்தாக்கினர்க்குப் புதியதன்று. இந்நாட்டுப் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. திராட்சைச் சாறு நாட்பட்டாற் புளித்துக் களிப்பூட்டும் தன்மை எய்தும் என்பது யாவரும் அறிந்தது. இனிமையன்றிப் பிறிதில்லாத சாற்றிற் புதியதொரு ஆற்றல் தோன்றுதலைக் கண்ட பூதவாதி, அறிவும் இவ்வாறே தோன்றும் என்றது இயல்பே.

இவ்வுவமையின் பின்வரலாறு சுவையுடையது. 1857-ஆம் ஆண்டளவில் பிரஞ்சு நாட்டு இலூயி பாசுட்டர், சாறு தானே புளிப்பதில்லை என்றும், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதனிற் புக்குத் தொழிற்படுதலாலேயே களிப்புப்பொருள் உண்டாகின்றது என்றும் காட்டினார். சடங்களின் கூட்டத்திலிருந்து புதிய ஆற்றல் என்றதற்குச் சான்றாக வந்த உவமை, உயிருடைப்பொருள் இடைப்பட்டாலன்றி நிகழாது என முடிந்தது. ஆயின் இதனையே வெற்றியெனச் சைவர் கொண்டாடுதல் பொருந்தாது. 1897-இல் செருமனியிற் புக்கனர் என்பார், அந்நுண்ணுயிர்களை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் சருக்கரையைப் புளிக்கச் செய்யும் என நாட்டிவிட்டார். உவமையின் துலாக்கோல் ஒருகால் இப்பக்கமும் ஒருகால் அப்பக்கமும் தாழ்ந்தது. ஆராய்ச்சி வளருந்தோறும் மாறுவதொன்றைத் தத்துவத்திற்கு அடிநிலையாக்குதல் எப்பக்கத்தார்க்கும் ஏதமாம்.

இரசாயன நூல் எங்ஙனம் மாறினும் மாறாத குற்றம் ஒன்று இவ்வுவமையில் உண்டு. குடத்திலிருக்கும் மது களிப்பதில்லை. அதனை உண்டவனே களிக்கின்றான். களிப்பு என்பது உண்டவனது உணர்வின் வேறுபாடு. உணர்வுடையான் ஒருவன் முன்னரே உளனாயினன்றி மதுவுக்குக் களிப்பூட்டும் ஆற்றல் உண்டெனக் கூறுதற்கும் இடமில்லை. எனவே உணர்வின் தோற்றத்திற்கு உவமையாக வந்த பொருள், உணர்வுடையானை உள்ளடக்கி நிற்கின்றது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவிடத்துச் செம்மை தோன்றுமாறு போல என உலகாயதர் கூறும் பிறிதோர் உவமையும் இத்தன்மைத்து. ஒளியின் ஒரு கூற்றை விழுங்கி மற்றொரு கூற்றை மீளவிடும் தன்மை அக்கலவையிலுண்டு. செம்மை எனக் காணப்படும் காட்சியோ காண்பானிடத்து நிகழ்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே இவ்வுவமைகளின் வன்மைக்கும் மென்மைக்கும் காரணம்.

சித்தாந்தம் கொண்ட நிலை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் ஆன்மாவின் உண்மையை நாட்டுவது. ஆன்மா எனப் பிறர் கொள்ளும் பொருள்களை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சி நிற்பதே ஆன்மா எனக் காட்டும் முறை அதன்கண் உளது. இல்லை இல்லை என விலக்கிச் சொல்லும் அறிவு ஒன்று உளதாகலின் சூனியம் ஆன்மாவன்று. எனது உடம்பு என வேறுபிரித்து வழங்குதலின் பருவுடம்பு ஆன்மாவன்று. ஒன்றன் புலனை ஒன்று அறியாத ஐம்பொறிகளின் புலனையும் ஒருங்கு அறிவது உண்மையின் இந்திரியம் ஆன்மாவன்று. கனவின் ஒடுக்கத்தையும் நனவிற்கு மீண்டு அறிதலின் நுண்ணுடம்பு ஆன்மாவன்று. உறக்கத்திற் பிராணவாயு இயங்கவும் நுகர்வும் தொழிலும் இன்மையின் பிராணன் ஆன்மாவன்று. உணர்த்தினாலன்றித் தானே உணராமையின் பிரமமும் ஆன்மாவன்று. இவையனைத்தின் கூட்டமும் ஆன்மாவன்று; மாயையால் அமைந்த பொறிபோலும் உடம்பினுள் அவற்றின் வேறாய் ஆன்மா உளது என்பது அதன் துணிபு.

நான்காஞ் சூத்திரம் இதனினும் நுட்பமான இடத்தைத் தொடுகின்றது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் ஆன்மாவல்ல என்பதே அது. சித்தாந்தத்தின் தத்துவ முறையில் மனம் தைசதவகங்காரத்திலிருந்து தோன்றுவது. அகங்காரம் புத்தியினின்றும், புத்தி குணத்தினின்றும், அது பிரகிருதியினின்றும் தோன்றுவன. இவை யாவும் மாயையின் காரியங்கள், மாயையோ சடம். ஆகவே மனம் சடமே.

ஈண்டே இவ்வினாவிற்குச் சித்தாந்தம் தரும் விடையின் தனிச்சிறப்பு விளங்கும். மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் மனமும் அறிவும் ஒன்றெனக் கொண்டு, இரண்டும் சடத்தினின்று தோன்றும் என்றேனும், இரண்டும் தோன்றா என்றேனும் வழக்கிடுவர். சித்தாந்தி வினாவை இரண்டாகப் பகுக்கின்றான். மனம் சடத்தின் காரியமோ எனின், ஆம். அறிவு சடத்தின் காரியமோ எனின், அன்று. நினைத்தலும் பற்றுதலும் துணிதலும் ஆகிய தொழில்களுக்குரிய கருவிகள் மாயையின். அக்கருவிகளால் அறியும் அறிவு ஆன்மாவினது.

இதனைக் கொண்டு மனம் மூளையிலிருந்து தோன்றும் என்பதே சித்தாந்தம் எனல் கூடாது. மூளை பருப்பூதத்தால் ஆயது. அந்தக்கரணமோ பூதங்களுக்கும் தன்மாத்திரைகளுக்கும் முற்பட்ட நுண்பொருள். மூளையும் மனமும் மாயை என்னும் ஒரு முதற்காரணத்தின் இருவேறு நிலைக் காரியங்கள் என்றலே பொருத்தமாம்.

சித்தாந்தம் கொண்ட சற்காரியவாதமும் இவ்விடத்து வேண்டப்படும். காரணத்தில் ஆற்றல் வடிவாய் இல்லாதது காரியத்தில் தோன்றாது என்பது அது. எள்ளில் நெய் உண்மையின் எள்ளினின்று நெய் தோன்றும், மணலினின்று தோன்றாது. சடத்தில் சித்து முன்னரே உண்டெனின் அது சடம் எனப்படாது. இல்லையெனின் அதனினின்று தோன்றாது. பதினெட்டாம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் இம்முறைகளை அளவை நூல் நெறியால் விரித்துரைத்தார்.

பிற்காலப் பூதவாதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவினின்று புதிய பூதவாதம் தமிழ் நாட்டை அடைந்தது. பிரஞ்சு நாட்டில் இலா மெத்திரி என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே மனிதன் ஒரு பொறி என நூலெழுதினார். 1828-இல் வோலர், உயிருடம்பில் மட்டுமே உண்டாகும் எனக் கருதப்பட்ட யூரியா என்னும் பொருளை உடம்பின் உதவியின்றி ஆக்கினார். 1848-இல் அமெரிக்காவில் பினியசு கேசு என்னும் தொழிலாளியின் தலையை இருப்புக்கோலொன்று ஊடுருவிச் சென்றது. அவர் பிழைத்தார், ஆனால் அவர் இயல்பு மாறிற்று என்று மருத்துவர் எழுதினர். 1861-இல் புரோக்கா, மூளையின் இடப்பக்கத்து ஒருபகுதி கெட்டவழிப் பேச்சுக் கெடுதலைக் காட்டினார். இவற்றைத் துணைக்கொண்டு அறிவு மூளையின் தொழிலே என்னும் கொள்கை வலுப்பெற்றது.

சென்னையில் இலௌகீக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தி, கடவுளும் மறுமையும் இல்லை என்னும் கொள்கையைப் பரப்பினர். மேல்நாட்டுப் பகுத்தறிவாளர் கருத்துக்களும் நம் நாட்டு உலகாயத மரபும் அதன்கண் ஒன்றுகூடின. 1895-ஆம் ஆண்டிற் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட நல்லசுவாமிப் பிள்ளை, 1897-இற் சித்தாந்த தீபிகையைத் தொடங்கினார். பழைய பரபக்கத்தைப் புதிய உலகாயதத்திற்கு எதிரே நிறுத்தவேண்டிய காலம் அப்போது வந்திருந்தது.

பழைய மறுப்பனைத்தும் புதிய உலகாயதர்க்கும் செல்லுமோ என்பதைச் சைவர் நடுநின்று ஆராய்தல் வேண்டும். மணிமேகலை பூதவாதியை நோக்கி, உன் தாய் தந்தையரைக் கருதலளவையாலன்றி எவ்வாறு அறிவாய் என வினவி மறுத்தாள். காட்சி ஒன்றே அளவை என்பார்க்கு அது போதும். இக்காலத்துச் சடவாதியோ காட்சி ஒன்றையே பற்றி நிற்பவனல்லன். கண்ணாற் காணப்படாத பரமாணுவையும், அதனினும் நுண்ணியவற்றையும் அவன் கருதலளவையாலேயே துணிகின்றான். இதற்குச் சான்று தொலைவிலன்று, பொட்டிபுரத்திலேயே உளது.

பொட்டிபுரத்து மலை

நியூட்ரினோ என்பது நிறையும் தாக்கும் ஆற்றலும் மிகச் சிறிய ஒரு நுண்பொருள். 1930-இல் பௌலி என்பார் கணக்குப் பிழையாதிருத்தற்பொருட்டு இதனை உண்டெனக் கருதினார். 1956-இல் இரைனசு, கோவன் இருவரும் இதனைச் சோதனையாற் கண்டனர். காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை 1965-இல் முதன்முதற் கண்ட இடங்களுள் நம் நாட்டுக் கோலார்ப் பொற்சுரங்கம் ஒன்று. ஞாயிற்றினின்று வரும் நியூட்ரினோக்கள் நொடிதோறும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6,000 கோடிக்கு மேல் நம் உடம்பை ஊடுருவிச் செல்கின்றன. ஒன்றும் நமக்குப் புலப்படுவதில்லை.

இவற்றை ஆராய்தற்குப் பொட்டிபுரத்து மலையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அகழ்ந்து, 50,000 டன் காந்தவிரும்புக் கருவி அமைக்க 2015-ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாயில் இசைவளித்தது. மலைக்கும் நீருக்கும் காட்டுயிர்க்கும் கேடு வரும் என்று ஊராரும் பிறரும் எதிர்த்தனர். 2022-இல் தமிழ்நாட்டரசு உச்ச நீதிமன்றத்தில் தன் உடன்பாடின்மையைத் தெரிவித்தது, முயற்சி நின்றது.

அம்முயற்சி நன்றோ தீதோ என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. அது காட்டும் தத்துவ உண்மை இரண்டு. ஒன்று, சடவாதியும் காணப்படாததைக் கருதலளவையாற் கொள்கின்றான். ஆகவே ஆன்மா காணப்படாமையின் இல்லை என்னும் பழைய வாதம் அவனாலேயே கைவிடப்பட்டது. மற்றொன்று, சடம் என்பது கையாற் பிடிக்குங் கல்லும் மண்ணும் என்றிருந்த எண்ணம் மாறிற்று. ஆயினும் இதுபற்றிச் சடம் மெலிந்து சித்தாயிற்று எனச் சிலர் கூறுவது பொருந்தாது. எத்துணை நுண்ணியதாயினும் அறியப்படுவது அறியப்படுவதே. சுத்தமாயையின் காரியமாகிய நாதத்தையும் சடமென்றே கொண்ட சித்தாந்திக்கு நுண்மை சித்துக்கு இலக்கணம் அன்று.

ஆசங்கையும் விடையும்

இனி, இக்காலத்துச் சடவாதி கூறும் வலிய ஆசங்கைகள் மூன்று.

முதலாவது: மூளை மயங்க அறிவு மயங்குகின்றது; மூளை கெட அறிவு கெடுகின்றது. 1846-இல் பாசுட்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை செய்தது முதல், உணர்வை மருந்தால் நீக்கவும் மீட்கவும் மருத்துவர் வல்லராயினர். இங்ஙனமாக ஆன்மா என வேறொன்று கொள்ளுதல் மிகைபடக் கூறலாம் என்பது.

இதற்கு விடை கம்பம் பள்ளத்தாக்கின் நீரே கூறும். மேற்கே ஓடிக் கடலிற் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுக்கு அணைகோலித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895-ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பினார். அணையைக் காணாதான் ஒருவன், சுரங்கம் அடைபட்டபோது வயல் வறளுதலையும் திறந்தபோது நீர் பாய்தலையும் கண்டு, நீர் சுரங்கத்திற் பிறக்கின்றது எனத் துணியலாம். அவன் கண்ட உடனிகழ்ச்சி மெய், துணிபு பிழை. 1897-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் சேம்சு ஒரு சொற்பொழிவில், மூளை அறிவைப் பிறப்பிப்பதாகவும் இருக்கலாம், வாயிலாய் நின்று செலுத்துவதாகவும் இருக்கலாம், உடனிகழ்ச்சி இரண்டிற்கும் பொது என்று கூறியது இதுவே.

சித்தாந்தத்தில் இது புதிதாகப் புனைந்த விடையன்று. கருவியின்றி ஆன்மா ஒன்றையும் அறியாது கேவலத்திற் கிடக்கும் என்பதும், கலை முதலிய தத்துவங்கள் கூடியவழியே சிறிது விளங்கும் என்பதும், மாயை விடியுமளவும் விளக்குப்போல் உதவும் என்பதும் அதன் அடிப்படைக் கொள்கைகள். ஈதரால் உணர்வொழிதல் ஆன்மா இயல்பிலேயே தன்னொளியுடையது என்பார்க்கு இடராகலாம். உணர்த்த உணர்வது ஆன்மா என்பார்க்கு அது எதிர்பார்த்ததே. ஆயின் அணையை மலையேறிச் சென்று காணலாம், ஆன்மாவை எவ்வாறு காண்பது எனச் சடவாதி மீட்டும் வினவுவான். அவ்வினா நேர்மையானது. சுரங்க உவமை அவன் துணிபின் குறையைக் காட்டுமேயன்றி ஆன்மாவை நாட்டாது.

இரண்டாவது: நீர்வாயுவும் பிராணவாயுவும் கூடியவிடத்து, இரண்டினும் இல்லாத ஈரத்தன்மை தோன்றுகின்றது. 1925-இல் புரோடு என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்த தோற்றவாதம் இத்தகையது. கூட்டத்திற் புதுக்குணம் தோன்றுதல் கண்கூடாகலின் சற்காரியம் பிழைபடும் என்பது.

ஈரம் என்பது அணுக்கள் ஒன்றையொன்று பற்றியும் நெகிழ்ந்தும் நிற்கும் நிலையே. பகுதிகளின் இயக்கத்தை முற்ற அறிந்தான் கூட்டத்தின் நெகிழ்ச்சியையும் அதனாற் கணிக்கலாம். இயக்கத்தினின்று இயக்கம் தோன்றிற்று. உருவினின்று உரு தோன்றிற்று. இது சற்காரியத்தின் வேறன்று. மூளையின் இயக்கத்தை முற்ற அறிந்தவிடத்தோ, மேலும் மேலும் இயக்கமே அறியப்படுகின்றது. புளிப்பின் சுவையும் நோயின் வருத்தமும் அவ்வியக்கத்தின் கணக்கில் யாண்டும் வெளிப்படுவதில்லை. 1872-இல் செருமனிய உடற்கூற்றறிஞர் துபுவா ரேமோன், அணுக்களின் நிலையை முழுதும் அறியினும் உணர்வு ஏன் உண்டாயிற்று என்பது விளங்காது என்றார். அவர் சைவருமல்லர், ஆன்மவாதியுமல்லர். 1995-இல் சால்மர்சு என்பார் இதனையே கடினமான வினா எனப் பெயரிட்டு வழங்கினார். அவர் 1998-இல் கோக் என்னும் மூளை ஆராய்ச்சியாளரோடு, உணர்விற்குரிய மூளைக்குறி 25 ஆண்டுகளுக்குள் தெளிவுறக் காணப்படுமோ என ஒட்டம் வைத்தார். 2023-ஆம் ஆண்டு சூனில் நியூயார்க்கு நகரிற் கூடிய அவையில் கோக் தோல்வியை ஒப்பி மதுக்குப்பிகளைத் தந்தார். மதுக்களி உவமையிற் பிறந்த வாதம் மதுவையே ஒட்டப்பொருளாகக் கொண்டு ஒருநாள் முடிந்தமை வியப்பே.

ஆயின் கோக் தோற்றமையாற் சித்தாந்தம் வென்றது எனல் கூடாது. இன்று அறியப்படாதது நாளை அறியப்படலாம். பிறரது அறியாமை நமக்கு அளவையாகாது.

மூன்றாவது: சடத்தின் ஒவ்வோர் அணுவிலும் சிறிதளவு உணர்வு உண்டு, அவை கூடியவழி பேரறிவாம் என இக்காலத்து அறிஞர் சிலர் கூறுகின்றனர். இது வஞ்சி நகரத்துப் பூதவாதியின் உணர்வுடைப் பூதமே என்க. சற்காரியத்திற்கு இது முரண்படாது. ஆகலின் மூன்றனுள் வலியது இதுவே. இதற்கு விடையாவது சித்தாந்தத்தின் கூட்டவான்ம மறுப்பு. வில்லியம் சேம்சு 1890-இல் எழுதிய உளநூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். பன்னிரண்டு சொற்களாலான ஒரு வாக்கியத்தைப் பன்னிருவர்க்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து நெருங்கி நிறுத்தினும், வாக்கியம் முழுவதையும் அறிந்தவர் அக்கூட்டத்தில் எவருமிலர். ஐம்பொறியும் தத்தம் புலனளவில் நிற்க, அவ்வைந்தையும் ஒருங்கறிவது ஒன்று வேண்டும் என மெய்கண்டதேவர் கூறியதும் இதுவே. சிற்றறிவுகள் பலவாய்க் கூடினும் பலவாகவே நிற்கும். நான் கண்டேன், நானே கேட்டேன் என்னும் ஒருமை கூட்டத்தால் வாராது.

ஆன்மாவை நாட்டும் உடன்பாட்டுக் காரணமும் இவ்வொருமையிலேயே உளது. எனது உடம்பு என்னும் வழக்கு ஒன்றே போதும் எனச் சைவர் கருதின், எனது உயிர் என்றும் வழங்குகின்றோமே எனச் சடவாதி எளிதில் விலக்குவான். சொல்வழக்கு தனித்து நின்று சான்றாகாது. அது சுட்டும் பொருளே சான்று. காணப்படும் ஒவ்வொன்றும் காண்பானின் வேறாய் நிற்கின்றது. மூளையும் கண்ணாடியிற் கண்போல ஒரு கருவியின் வழியே காணப்படும். கண்ணாடி கண்ணின் வடிவைக் காட்டும், காணுதலைக் காட்டாது. காந்தக் கருவி மூளையிற் குருதி பாய்தலைக் காட்டும். அக்காட்சியைக் கண்டு இது மூளை எனத் தெளியும் அறிவைக் காட்டாது. எல்லாவற்றையும் சடமென்று துணிபவன், அத்துணிபைத் தானே அறிந்து நிற்கின்றான். இல்லை என விலக்கும் அறிவு உளது என்ற மூன்றாஞ் சூத்திரத்தின் முதற்காரணம் இன்றும் அசையாது நிற்பது இவ்விடத்திலேதான்.

முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன: பூதவாதம் மேல்நாட்டிலிருந்து புதிதாக வந்ததன்று, தமிழர் மிகப் பழங்காலத்தே கேட்டதும் விடையிறுத்ததுமாம். பழைய விடைகளுள் காட்சியளவை பற்றியன இக்காலத்துச் சடவாதிக்குச் செல்லா. அவற்றைத் திரும்பத் திரும்பக் கூறுதலாற் பயனில்லை. சற்காரியம், அறிவானது ஒருமை, அறியப்படுவதற்கும் அறிவானுக்கும் உள்ள வேறுபாடு என்னும் மூன்றும் இன்றும் நிற்பன. மனம் சடமே என்னும் கொள்கையாற் சைவர்க்கு மூளை நூலோடு பகையில்லை. அந்நூல் கருவிகளின் இயல்பை விளக்குந்தோறும் தத்துவங்களின் இயல்பே விளங்கும்.

அறிவு பூதங்களின் புளிப்பேயாயின் பிணிப்பும் இல்லை, வீடும் இல்லை, வழிபடுவானும் இல்லை. அவ்வாறாயின் இழப்புப் பெரிது என்பதுபற்றி ஆன்மா உண்டெனக் கொள்ளுதல் அளவையாகாது. வேண்டுவது வேறு, உண்மை வேறு. ஆசிரியர் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்த முறையும் அதுபற்றியே. எதிரியின் சொல்லை அவன் கூறுமாறே வலிதாக எடுத்துரைத்து, அதன்பின் தம் பொருளை நாட்டுதல் அம்முறை. உத்தமபாளையத்துப் பாறையிற் செதுக்கியவரும், பொட்டிபுரத்து மலையைக் குடைய எண்ணியவரும், தத்தம் வழியில் உண்மையைத் தேடியவரே. அவர் தேடியதையும், தேடும் அறிவு யாது என்பதையும் ஒருங்கு ஆராய்தல் சித்தாந்தம் பயில்வார்க்குக் கடனாம்.